தபாலில் வந்த பாடநூல் எங்கே?



தொலைநிலைக் கல்வி பயிலும் மாணாக்கருக்கு இனி அச்சிட்ட பாடநூல்கள் அனுப்பப்படமாட்டா என்றும், பாடங்கள் யாவும் இணையதளத்தில் காணொளிகளாக ஏற்றப்பட்டுவிட்டபடியால் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகளும் நிறுத்தப்படுகின்றன என்றும் ஒரு பல்கலைக்கழகம் அனுப்பியுள்ள சுற்றறிக்கையை, என்னிடம் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டினார்கள். 'மாணாக்கர் நலன் கருதி' என்று தொடங்கும் அந்த அறிக்கை, கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை என்பதைப் பற்றி மட்டும் மௌனம் சாதிக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பட்டமே தபாலில் வந்த பட்டந்தான். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த தபால்வழிக் கல்வி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டிலும் காலூன்றியிராவிட்டால், பகலெல்லாம் மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்குக் கல்லூரி என்பது பஸ்ஸில் போகும்போது பார்க்கிற ஒரு கட்டடமாகவே இருந்திருக்கும். ஒரு முறை நான் எழுதியனுப்பிய பயிற்சித்தாளில், வெண்பாவில் தளை தட்டிய இடத்தை முகமறியாத ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, 'வாய்விட்டுச் சொல்லி அலகிட்டுப் பார்க்க' என்று ஓரத்தில் குறித்திருந்தார். அவரை நான் இன்றளவும் கண்டதில்லை. ஆயினும் யாப்பு எனக்குப் பிடிபட்டது அந்த ஒற்றை வரியால்தான்.

இங்கிலாந்தில் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குக் கடிதம் போகலாம் என்ற ஏற்பாடு வந்த 1840ஆம் ஆண்டிலேயே, ஐசக் பிட்மன் தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்பிக்க முற்பட்டார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்; மாணாக்கர் எழுதியனுப்பிய பயிற்சிகளை அவர் திருத்தித் திருப்பியனுப்பினார் என்பதை அத்தனை பேர் கவனிப்பதில்லை. அந்தத் திரும்பி வந்த தபாலில்தான் இம்முறையின் ஜீவன் இருந்தது. இப்பொழுதோ நான்கு விடைகளில் ஒன்றைத் திரையில் தொட வேண்டும். தொட்ட மாத்திரத்தில் மதிப்பெண் வந்துவிடுகிறது. எங்கே பிசகினோம், ஏன் பிசகினோம் என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

யந்திரங்களின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 என்னும் செயற்கைக்கோளைக் கொண்டு நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியையும், கோழிவலைக் கம்பியால் முடைந்த பெரிய ஆன்டெனாவையும் சர்க்காரே ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுவிற்று. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் நடத்தத் தொடங்கியபொழுது, பிபிசியின் ஒளிபரப்போடு நின்றுவிடாமல், விஞ்ஞானம் பயில்வோர் வீட்டுக்கு மைக்ராஸ்கோப் அடங்கிய பரிசோதனைப் பெட்டியையே அனுப்பிவைத்தது. தூரத்தைக் கடக்கும் செலவும் சிரமமும் கற்பிப்பவனைச் சேர்ந்தவை என்பது அன்றையோருக்குச் சொல்லாமலே விளங்கியிருந்தது.

இன்று அந்தப் பாரம் ஓசையின்றி மாணாக்கன் தலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மலைமேல் ஒரு சிற்றூரிலிருந்து வரலாறு பயிலும் பெண்ணொருத்தி, சாமை அறுப்புக்குப் போய்வந்த மாலைகளில், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, தம்பியின் செல்போனில் பாடம் பார்க்கிறாள். விரிவுரை நடுவில் டேட்டா தீர்ந்துபோனால் மறுநாள்தான் மிச்சம். பாடக் கோப்பையாவது அச்செடுத்துக்கொள்ளேன் என்றேன். "பக்கத்துக்கு ரெண்டு ரூபா கேக்கறாங்க சார்" என்றாள். ஐந்து தாளுக்கும் சேர்த்து ஆயிரம் பக்கத்துக்குமேல் இருக்கின்றன. கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். படிப்புக் காலம் முடிந்ததும் அவளுடைய கடவுச்சொல் செல்லாதாம். அதோடு பாடங்களும் போய்விடும். என் அலமாரியிலோ நாற்பத்தைந்து ஆண்டுக்கு முந்திய பாடப்புத்தகங்கள், செல்லரித்தவை நீங்கலாக, இன்னமும் இருக்கின்றன.

நேர்முக வகுப்புகளில் பாதிப்பேர் தூங்குவார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வாஸ்தவந்தான், நானே தூங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே சாப்பாட்டு வேளையில், லாரி ஆபீஸ் குமாஸ்தாவும், கைக்குழந்தையோடு வந்த தாயும், சிப்பாய் ஒருவரும், நானும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டோமே, அதற்கு ஈடாக அந்த இணையதளத்தில் என்ன வைத்திருக்கிறார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் வெவ்வேறு முறைகளாகவே வகுத்துள்ளன. முன்னதில் பெயர் பதிந்து பணங்கட்டியவர்களைக் கேளாமலே பின்னதற்குத் தள்ளிவிடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? இணையமே போதுமென்பவர்கள் தாராளமாக அதில் படிக்கட்டும். அச்சுநூல் வேண்டுமென்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு அதைத் தபாலில் அனுப்பவும், மாவட்டத்துக்கு ஒரு மையத்திலேனும் மாதமொரு வகுப்பு நடத்தவும், ஒப்படைப்புகளை ஆசிரியரைக் கொண்டே திருத்தித் தரவும் உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கெடு இம்மாதக் கடைசி. அதற்குள் அறிவிப்பு வந்தால், படிப்பை விட்டுவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்ல ஏதுவாகும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
ஜவ்வாது மலையடிவாரம்.