பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் தோழர்கள் தை மாதம் பழவேற்காடு போகத் திட்டம் போடுகிறார்கள். போகட்டும். சிப்காட் புகையைக் குடிச்ச நெஞ்சுக்கு உப்புக்காத்து வேணும்தான். ஊர்சுற்றுவதெல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம் என்று முகம் சுளிக்கிற ஆள் நானில்லை. ஷிப்டு பார்க்கிறவனுக்கு ஏரி பார்க்க உரிமை இல்லையா? கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கு. என் சண்டையெல்லாம் போய் எதைப் பார்ப்பது என்பதில்தான்.

சுற்றுலாக்காரர்கள் இரண்டைக் காட்டுவார்கள்: பூநாரை, டச்சுக் கல்லறை. கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே பேர் பொறித்த கற்கள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது. சரி, உள்ளே படுத்திருக்கிறவன் என்ன வியாபாரம் செய்தான்? துணி என்பார்கள். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் துணியோடு மனுசரையும் கப்பலேற்றினார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் கஞ்சிக்கில்லாதவர்கள் அடிமைகளாக பத்தாவியாவுக்குப் போனார்கள். பிடித்துக் கொடுத்த தரகர்கள் நம்மூர்க்காரர்கள். பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போவது யார் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாங்கினவனுக்குக் கல்லறை இருக்கு. விற்கப்பட்டவளுக்கு ஒரு செங்கல்கூட இல்ல.

ஏரியாவது சாதி இல்லாத தண்ணியா? பட்டினவர் ஊர்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து நல்ல இடங்களில் சுத்துவலை போடுவார்கள். அதற்குப் பேர் பாடு. சமத்துவமான ஏற்பாடு என்று மெச்சியவர்கள் உண்டு. அந்தச் சீட்டில் யார் பேர் இல்லை என்று பாருங்கள். பாடு மரபு தலித்துகளையும் இருளரையும் வெளியே நிறுத்தியது. இறால் ஏற்றுமதிச் சரக்கானதும் அந்த வேலி இன்னும் இறுகியது. இருளர் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, முறையும் இல்லை.

பட்டினவரும் ஒன்றும் பண்ணையார் இல்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் அவர்கள் வயிற்றிலும்தான் அடிக்கின்றன. அதற்காகப் பாட்டுக் கணக்கைக் கேட்காமல் விட முடியுமா?

படகு ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இறால் வாங்கினால் துழாவிப் பிடித்தவரிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள். அவரைப் போட்டோ பிடிக்காதீர்கள்.

கல்லறைக்கு முன்னால் கோட்டை மேட்டுக்கு வாங்க. பார்க்க ஒண்ணுமில்ல, முள்ளுக்காடு. இந்த மாசப் படிப்பு வட்டத்தை அங்கயே வச்சுக்குவோம். தண்ணி மட்டும் ஆளுக்கொரு பாட்டில் எடுத்துட்டு வந்துடுங்க.