முருங்கைக் கிளையும் வைஃபையும்

பக்கத்து வீட்டு முருங்கை நம் காம்பவுண்டுக்குள் சாய்ந்தால் இரண்டு காய் பறித்துக்கொள்கிறோம். யாரும் சண்டைக்கு வருவதில்லை. வைஃபையையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். "சிக்னல் என் ஹாலுக்குள்ளதானே வருது, எடுத்தா என்ன?" என்கிறார் பறிப்பவர். "அன்லிமிடெட் பிளான்தானே, போனா போகுது" என்கிறார் மரக்காரர். கைமாறுவது என்னவென்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு ரவுட்டரில் பத்து போன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு வெளியே எல்லாம் ஒரே இணைப்பின் கணக்கில்தான் பதிவாகும். யாருடைய இணைப்பு என்று போலீஸ் கேட்டால் கம்பெனிக்காரர் எடுத்து நீட்டுவது உங்கள் விண்ணப்பத்தை. மாடிப்படியில் உட்கார்ந்து படம் இறக்கும் எதிர்வீட்டுப் பையன் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. ஜிபி போனால் போகட்டும், கூடவே போவது உங்கள் கையெழுத்து.

2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீஸ் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசல். அவருடைய வைஃபை பூட்டப்படாமல் கிடந்திருக்கிறது. விசாரணை, கணினிகள் பறிமுதல், ஊரெல்லாம் பத்திரிகைச் செய்தி. எழுதியவர் அவரில்லை. அடுத்த சில வாரங்களில் அதே கும்பல் மும்பையில் வேறு வைஃபைகள் வழியாகவும் மின்னஞ்சல் அனுப்பியது. "என்கிட்ட திருட என்ன இருக்கு?" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பறிப்பவருக்கும் ஒரு வார்த்தை. உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினி வலையமைப்பில் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. 'திறந்து கிடந்தது' என்பது அனுமதி ஆகாது. சிங்கப்பூரில் அண்டைவீட்டு வைஃபையில் நுழைந்த 17 வயதுப் பையனுக்கு 2007இல் நீதிமன்றம் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

"நாங்கதான் பாஸ்வேர்டு போட்டிருக்கோமே" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரரின் பாஸ்வேர்டு அவரது செல் நம்பர். அதே நம்பர் வாசலில் 'டு-லெட்' போர்டில், சிவப்புப் பெயின்ட்டில், முழ உயரத்துக்கு இருக்கிறது! பாஸ்வேர்டு நன்றாக இருந்தாலும் பல ரவுட்டர்களில் டபிள்யூபிஎஸ் என்ற பின்வாசல் உண்டு. அதன் சாவி ஓர் எட்டு இலக்க எண். கண்டுபிடிக்கக் கோடிக் கணக்கில் முயல வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறார்கள். கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுவிடக்கூடியது. ஆக 11,000 முயற்சிகளே போதும். 2011இலேயே அம்பலமான ஓட்டை இது. தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் வைத்தால் உங்கள் கணினியும் கேமராவும் தப்பும். அவர்கள் செய்வது அப்போதும் உங்கள் பெயரில்தான் விழும், அதையும் மறக்க வேண்டாம்.

டு-லெட் போர்டுக்காரரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மறுநாளே, "மாத்திட்டேன் சார்" என்றார். புதிய பாஸ்வேர்டு அவர் மனைவியின் நம்பராம். போர்டில் இரண்டாவது வரி அது.