கண்ணாடித் தடுப்பும் கைப்பிடியும்

எலும்பு முறிவோடு எங்களிடம் வரும் முதியோருள் பலர் தம் வீட்டிலேயே விழுந்தவர்கள். ஆதலால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் மாடிப்படியைப் பற்றி நாங்கள் விசாரிப்பதுண்டு. "கண்ணாடி போட்டிருக்கிறோம், டாக்டர்" என்னும் மறுமொழி இப்போது அடிக்கடி வருகிறது. கண்ணாடித் தடுப்பு அழகானது, வெளிச்சத்தை மறைக்காதது. அதனை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆயினும் கைப்பிடி இல்லாத கண்ணாடி மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து.

தடுப்பு வேறு, கைப்பிடி வேறு. தடுப்பு, விளிம்பைத் தாண்டி விழாமல் காக்கும்; கைப்பிடி, தடுமாறும் உடலைத் தாங்கும். இடுப்பு அறுவை சிகிச்சை பெற்றவரும் நடுக்குவாத நோயினரும் விரல்களால் சுற்றிப் பிடிக்கக்கூடிய குழாயை நம்பியே படியிறங்குகின்றனர். வழவழப்பான கண்ணாடி விளிம்பில் அப்பிடிமானம் கிட்டாது. கண்புரை உள்ளவருக்குக் கண்ணாடி இருக்குமிடமே தெளிவாகப் புலப்படுவதில்லை.

கண்ணாடியின் வகையும் முக்கியம். சாதாரணக் கண்ணாடி கத்தி போன்ற நீண்ட சில்லுகளாக உடையும். டஃபன்டு கண்ணாடி சிறு துண்டுகளாக உதிரும். ஆழமான வெட்டுக்காயம் குறையும், ஆனால் தடுப்பே நொடியில் இல்லாமற்போகும். லேமினேட்டட் கண்ணாடியில் இரு பலகைகளுக்கு நடுவே படலம் இருப்பதால், உடைந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டி நிற்கும். அமெரிக்காவில் பின்பற்றப்படும் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு, கீழே மக்கள் நடமாடும் இடங்களில் கண்ணாடித் தடுப்பு லேமினேட்டட் வகையாக இருக்கவேண்டும் என்று 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கூறுகிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, பால்கனி, மொட்டைமாடி விளிம்புத் தடுப்புகள் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையலாகாது. கட்டடங்களில் கண்ணாடியைப் பயன்படுத்துவதற்கென ஐ.எஸ். 16231 என்னும் தரநிலையும் உள்ளது. எனவே, கண்ணாடி வாங்குவோர் "எத்தனை மில்லிமீட்டர்?" என்பதோடு நில்லாமல், "எந்த வகை? எந்தத் தரநிலை?" என்றும் கேட்கவேண்டும்.

கைப்பிடி வைத்தால் அழகு கெடும் என்போர் உண்டு. கண்ணாடியைத் தொடாமலே, எதிர்ப்புறச் சுவரில் ஒரு குழாயைப் பொருத்தலாம். எனினும், இருபுறமும் கைப்பிடி இருப்பதே சிறப்பு. பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கு, ஏறும்போது வலப்புறம் இருந்த கைப்பிடி இறங்கும்போது இடப்புறமாகிவிடும். ஒருபுறம் மட்டும் இருந்தால் ஏறவோ இறங்கவோ அவர் துணையின்றித் தவிப்பார்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே உங்கள் மாடிப்படியின் படமொன்றை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில், எந்த உயரத்தில் குழாய் வேண்டும் என்று அவர் சொல்வார். மருந்துச்சீட்டைப் போலவே அந்த அறிவுரையையும் கருதுமாறு வேண்டுகிறோம்.