சில்லைப் பாராட்டினோம், கம்பைலரை மறந்தோம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்து அடிவாரத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அடிவாரத்தில் திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்பு, ஏற்காட்டில் அதே நேரத்தில் வேகாது. அடிவாரத்தை விட்டு நகராமல் ஏற்காட்டு அடுப்புக்குச் சமையல் குறிப்பு எழுதும்படி உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்து எழுதினால் பருப்பு நறுக்கென்றே இருக்கும். மலையின் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

கணிப்பொறி உலகிலும் இப்படி ஒரு வேலை உண்டு. நாம் எழுதும் ஆணைத்தொடரை, கணிப்பொறிக்குப் புரியும் 0, 1 என்ற எண்வரிசையாக மாற்றித் தருவது கம்பைலர். சாதாரணக் கம்பைலர், தான் இருக்கும் பொறிக்காகவே மொழிபெயர்க்கும். ஒரு பொறியில் இருந்துகொண்டு வேறொரு பொறிக்காக மொழிபெயர்த்துத் தருவது 'கிராஸ் கம்பைலர்'. செயலி ஒன்றாகவே இருந்தாலும் இயக்க முறைமை வேறானால் இது தேவைப்படும். லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும் முறை வேறு, விண்டோஸில் கேட்கும் முறை வேறு. இயங்கும் கோப்பின் அமைப்பும் இரண்டிலும் வேறு வேறு.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச் 5ஆம் தேதி புது தில்லியில் 'விக்ரம் 3201' என்ற 32 பிட் நுண்செயலி இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது அது. ராக்கெட்டை வழிநடத்தும் கணிப்பொறிகளுக்கானது. 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பணிபுரிந்து வரும் 16 பிட் விக்ரம் 1601க்குத் தம்பி எனலாம். அதே ஆண்டு செப்டம்பரில் அது பிரதமரிடம் வழங்கப்பட்ட படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்.

படம் பிடிக்க வேண்டிய சாதனைதான். ஆனால் அந்தச் சில்லு தானாக எதுவும் செய்யாது. அதற்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை. ராக்கெட்டுக்குள் உட்கார்ந்து யாரும் ஆணைத்தொடர் எழுத முடியாது. பூமியில் உள்ள கணிப்பொறியில் எழுதி, விக்ரமின் மொழிக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கான ஏடா மொழிக் கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் யாவற்றையும் இஸ்ரோ தானே உருவாக்கியது. இந்தக் கருவிகள் இல்லாவிட்டால் விக்ரம் ஊமைச் சில்லு. ஆயினும் அவற்றைச் செய்தவர்களைப் பற்றி நாளிதழ்களில் எத்தனை வரி வந்தது? கம்பைலரைத் தட்டில் வைத்து நீட்ட முடியாது. அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

"கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறதே, எதற்கு வீண் உழைப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான். விக்ரமுடன் சேர்த்து ஒப்படைக்கப்பட்ட 'கல்பனா 3201', உலகம் அறிந்த ஸ்பார்க் என்ற கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. எனவே திறந்த மூலக் கருவிகள் அதற்குப் பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை ஏற்றதால், உலகம் முழுவதும் பலர் உழைத்து வளர்த்த ஜி.சி.சி. கம்பைலர் அவற்றுக்கும் உதவுகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறர் கட்டித் தந்ததை அப்படியே நம்புவது வேறு, மூலத்தை வாங்கி நாமே கட்டுவது வேறு.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், 1984இல் அச்சான தம் டூரிங் விருதுச் சொற்பொழிவில் இதைக் காட்டினார். கம்பைலருக்குள் ஒரு கள்ளவழியை ஒளித்து வைக்கலாம். அந்தக் கம்பைலரின் மூலத்தை வரிவரியாகப் படித்தாலும் அது கண்ணில் படாதபடி செய்யலாம்! ராக்கெட்டுக்கும் மின்நிலையத்துக்கும் கம்பைலர் தேடும் நாடு இதை மறக்கலாமா?

சரி, கட்டுவது எப்படி? முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும். அடுத்துக் கம்பைலர். இங்கேதான் கோழியா முட்டையா என்ற சிக்கல் வருகிறது. முழுமையான கம்பைலருக்கு, இலக்குப் பொறிக்கான சி நூலகம் வேண்டும். அந்த நூலகத்தையோ கம்பைலர் இல்லாமல் உருவாக்க முடியாது. இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. நூலகமே இல்லாத அரைகுறைக் கம்பைலர் ஒன்றை முதலில் கட்டுகிறார்கள். அதைக் கொண்டு நூலகத்தைக் கட்டுகிறார்கள். பிறகு அந்த நூலகத்தை வைத்துக் கம்பைலரை மறுபடி, இம்முறை முழுமையாகக் கட்டுகிறார்கள். கொல்லன் ஒரு முரட்டுச் சுத்தியலைச் செய்து, அதைக் கொண்டே நல்ல சுத்தியலை அடித்துக்கொள்வது போல!

இதில் அடிக்கடி நேரும் பிழையும் நம் பருப்புக் கதைதான். கட்டும் வேளையில் சில ஆணைத்தொடர்கள் "இந்தப் பொறியில் என்ன வசதி உண்டு?" என்று சோதித்துப் பார்க்கும். அவை சோதிப்பது அடிவாரத்து அடுப்பை, அதாவது உங்கள் பொறியை. விளைவு, மலையில் போய்த்தான் தெரியும். ஆகவே இலக்குப் பொறியின் தலைப்புக் கோப்புகளையும் நூலகங்களையும் தனிக் கோப்புறையில் வைத்து, அதற்கு வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது என்று கம்பைலருக்குக் கட்டளையிடுவார்கள்.

இலக்குப் பொறி கையில் இல்லையென்றால் சோதனைக்கு அதன் மாதிரி வேண்டும். நிலவில் ஓடவேண்டிய ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ என்ன செய்தது? சேலத்துக்குப் பக்கத்தில், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்து, நிலவு மண்ணின் மாதிரியைத் தயாரித்தது. கணிப்பொறியில் சிமுலேட்டர் செய்வதும் அதே வேலைதான்.

சில்லு செய்யக் கோடிக்கணக்கான ரூபாயும் சண்டிகரில் உள்ளது போன்ற ஆலையும் வேண்டும். அடிவாரத்துப் பள்ளியில் படிக்கும் மாணவிக்கு அது எட்டாது. கருவித்தொகுதி கட்ட அவளுக்கு லினக்ஸ் உள்ள பழைய கணிப்பொறி ஒன்றும், இணைய இணைப்பும், சில நாள் பொறுமையும் போதும். நம் பள்ளிகள் கருவியைப் பயன்படுத்தக் கற்றுத் தருகின்றன, கருவி செய்யக் கற்றுத் தருவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. ஜி.சி.சி.யின் மூலத்தை இறக்கி, ரிஸ்க்-ஃபைவ் செயலிக்காகக் கட்டிப் பாருங்கள். பழைய பொறியில் பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். நடுவில் பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டால் அதை நிதானமாகப் படியுங்கள்.

முடிந்ததும் 'வணக்கம்' என்று அச்சிடும் சிறு ஆணைத்தொடரை அதில் மொழிபெயர்த்து, கிடைத்த கோப்பை உங்கள் கணிப்பொறியிலேயே இயக்கிப் பாருங்கள். வேறு ஏற்பாடு எதுவும் செய்யாதிருந்தால், கோப்பின் அமைப்பு தவறு என்று சொல்லி அது மறுத்துவிடும். கவலை வேண்டாம், அந்தக் கோப்பு அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. இனி கியூ-எமு என்ற போலிப் பொறியை நிறுவி, அதனிடம் அதே கோப்பைக் கொடுங்கள்.