நூல் அறாமலே நிற்கும் மெஷின்: உத்தரவாதமும் மார்க்கமும்



நமது யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தையல் புதிய தொழிலல்ல. சோனகதெருவிலும் ஐந்து சந்தியைச் சுற்றியும் வாழ்ந்த நம் முன்னோரில் பலர் தையற்காரர்கள். 1990 ஒக்டோபர் 30 இல் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவர்கள் விட்டுச் சென்றவற்றில் தையல் மெஷின்களும் உண்டு. பின்னர் புத்தளத்து முகாம்களிலும், மீண்டு வந்த பிறகு இங்கும், எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது பெண்களின் தையல் கூலியால்தான்.

அந்தக் காலத்து மிதி மெஷின் நின்றால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். இப்போது வீடுகளுக்கு வந்திருப்பது கம்பியூட்டர் எம்பிராய்டரி மெஷின். ஹபாயாவின் கைக்கும் கழுத்துக்கும் பூ வேலையைத் தானே போட்டுத் தருகிறது. சீட்டுப் பிடித்தும், நகையை அடகு வைத்தும், மாதத் தவணையிலும் இதை வாங்கியவர்கள் நம்மில் உண்டு. வாங்கிய சில மாதங்களில் இது ஒரு விசித்திரமான சண்டித்தனம் செய்வதுண்டு. நூல் அறுந்திருக்காது. ஆனாலும் பத்துத் தையல் போடுமுன் நின்றுவிடும். “மேல் நூலைப் பாருங்கள்” என்று திரையில் எழுத்து வரும். கையிலே பெருநாள் வேலை குவிந்து கிடக்கும். அப்போது என்ன செய்வது?

ஒருவர் தம்பியைக் கூப்பிட்டுத் திருகாணியைக் கழற்றச் சொல்கிறார். இன்னொருவர் “எப்படியோ ஓடட்டும்” என்று பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டே மாதங்களைக் கடத்துகிறார். வேறொருவர், கீழே விழுந்த மெஷினைத் துடைத்து, “விழவேயில்லை” என்று கடையில் சொல்கிறார். சகோதரிகளே, இந்த மூன்றும் நஷ்டத்தில்தான் முடியும். மூன்றாவதில் மறுமையின் நஷ்டமும் சேர்ந்திருக்கிறது.

முதலில் குறை என்னவென்று விளங்கிக்கொள்வோம். மெஷினுக்குக் கண் கிடையாது. நூல் இருக்கிறதா இல்லையா என்பதை அதற்குச் சொல்வது சென்சர் என்ற சிறு உறுப்பு. பல மெஷின்களில் நூல் போகும் வழியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் நூல் அதை இழுத்து விடும். அந்த அசைவை ஒரு சிறு ஒளிக்கதிர் கவனித்துக்கொண்டிருக்கும். அசைவு நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று எண்ணி மெஷினும் நின்றுவிடும். சில மெஷின்களில் கீழே பொபினுக்கும் தனியாக ஒரு சென்சர் உண்டு. ஆகவே அந்த இடத்தில் பஞ்சுத் தூசு அடைந்தாலும், நூல் சரியான வழியில் போகாவிட்டாலும், நல்ல சென்சரும் தவறான செய்தியையே சொல்லும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்குள் எவ்வளவு புழுதி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எனவே கடைக்குப் போகுமுன் நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. மெஷினை நிறுத்தி மின்சார வயரைக் கழற்றுங்கள். நூலை முழுவதும் எடுத்துவிடுங்கள். துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நூல் கோருங்கள். கால் கீழே இருக்கும்போது கோர்த்தால், நூலை இறுக்கும் தட்டுகளுக்கு நடுவே அது இறங்காது. பெரும்பாலான “சென்சர் பழுது” இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்து ஊசியை மாற்றுங்கள். நாட்பட்ட, முறுக்குத் தளர்ந்த நூலை விட்டு நல்ல நூலைப் போட்டுப் பாருங்கள். பொபினும் அந்த மெஷினுக்குரியதுதானா என்று பாருங்கள். பின்பு, கையேட்டில் திறக்கலாம் என்று சொல்லியிருக்கும் மூடியை மட்டும் திறந்து, மெஷினோடு தந்த சிறு தூரிகையால் பஞ்சை வெளியே தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள். ஊதினால் தூசு உள்ளே போகும். எச்சில் ஈரமும் சேரும்.

இவ்வளவும் செய்து, வேறு துணியில் வேறு நூலில் ஓட்டிப் பார்த்தும் அதே எழுத்து வந்தால், பழுது உங்கள் கையை விட்டுத் தாண்டிவிட்டது என்று அறியுங்கள். என்ன எழுத்து வந்தது, எத்தனை தையலில் நின்றது, எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இனித் திருகாணி பக்கம் யாரும் போகக் கூடாது.

ஏன்? இதற்கு விடை நம் கிதாபுகளிலேயே இருக்கிறது. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்குத் தந்திருக்கிறது. கியாருல் ஐப் என்பது அதன் பெயர். ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு நம் வீட்டுச் சமையலறைக்கே பொருந்தும் உதாரணங்கள் உண்டு. முட்டையை உடைத்த பிறகுதான் அது கெட்டது என்று தெரிகிறது. தேங்காயும் அப்படியே. வத்தகப் பழத்தையும் வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே புழு தெரியும். உடைத்ததனால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடாது. ஏனெனில் உடைக்காமல் குறையை அறிய வழியில்லை. ஆனால் அதைவிடக் குறைவாகத் திறந்தே குறையை அறிய முடியும் என்றிருக்க, தேவைக்கு மேல் உடைத்தால், அது வாங்கியவர் கையில் ஏற்பட்ட புதுக் குறை. அதன்பின் விற்றவரைக் கட்டாயப்படுத்தித் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள். உங்கள் மெஷின் முட்டையா? சென்சரின் பழுதைத் திரையே எழுதிக் காட்டுகிறதே! உள்ளே பிரித்துப் பார்க்க என்ன அவசியம்? உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில், அங்கீகாரம் பெறாதவர் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அச்சிடுவதும் இதே நியாயத்தில்தான்.

இன்னொன்றையும் நம் இமாம்கள் சொல்கிறார்கள். குறை தெரிந்த பிறகு தாமதிக்கக் கூடாது. அந்தப் பொருளைப் பாவிப்பதையும் நிறுத்த வேண்டும். தொழுது கொண்டிருந்தால் முடித்துவிட்டுப் போகலாம். உணவு உண்டுகொண்டிருந்தால் முடிக்கலாம். இரவானால் விடியட்டும் என்றிருக்கலாம். அதற்கு மேல் காரணமில்லாமல் தள்ளிப் போட்டால், குறையோடு ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். “பெருநாள் முடியட்டும்” என்று இரண்டு மாதம் ஓட்டும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். உத்தரவாத நாளும் அதற்குள் கழிந்துவிடும்.

அடுத்தது தாள். உறுதியும் பற்றுச்சீட்டும் கையில் இல்லாதவர் தம் சொந்தப் பொருளுக்கே அந்நியராகிப் போவதை 1990 க்குப் பின் நம் சமூகம் கண்ணால் கண்டது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனமே, சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனமே, கட்டளையிடுகிறது. எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. பின்னால் சண்டை வராமல் காப்பது. எனவே பற்றுச்சீட்டில் தேதியும், மெஷினின் தொடர் இலக்கமும், உங்கள் பெயரும் இருக்கட்டும். உங்கள் பணத்தில் வாங்கியது உங்கள் சொத்து. கணவரோ சகோதரரோ கடைக்குப் போய் வாங்கி வரலாம். அதனால் சொத்து அவருடையதாகிவிடாது. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். சில தாள்களில் அச்சு மை காலப்போக்கில் மங்கிவிடும். ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கனடாவிலிருந்தோ சவூதியிலிருந்தோ உறவினர் அனுப்பிய மெஷின் என்றால் கூடுதல் கவனம் தேவை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்; இங்கே 230 வோல்ட். நேரே செருகினால் சென்சர் மட்டுமல்ல, முழுப் பலகையுமே கருகிவிடலாம். அங்கே வாங்கியதன் உத்தரவாதமும் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். அன்பளிப்பு அனுப்புவோரிடம் இதை முன்கூட்டியே சொல்வதில் வெட்கம் எதற்கு?

இனி, நாவைப் பற்றி. பிள்ளை தட்டி மெஷின் விழுந்ததா? விழுந்தது என்றே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டாதீர்கள். தேதியைத் திருத்தாதீர்கள். மேலே நல்ல தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்துக் கண்டித்த சம்பவத்தை நாம் கடைக்காரருக்கு எதிராகவே சொல்லிப் பழகிவிட்டோம். குறையை மறைப்பது வாங்குகிறவருக்கும் ஹராம்தான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் இருவருக்கும் பரக்கத் உண்டு என்பதும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துபோகும் என்பதும் நபிமொழியின் கருத்து. விழுந்ததாகச் சொன்னால் இலவசமாகத் திருத்த மாட்டார்களே என்கிறீர்களா? உண்மை. சில ஆயிரம் ரூபாய் செலவாகும். பொய் சொல்லித் திருத்திய மெஷினில் தைத்த ஒவ்வொரு ஹபாயாவின் கூலியையும் நினைத்துப் பாருங்கள். எது மலிவு?

நீங்கள் உண்மை பேசியும், தாள் எல்லாம் சரியாக இருந்தும், கடைக்காரர் “இன்று வா, நாளை வா” என்று இழுத்தடித்தால் சும்மா அழுதுகொண்டு வர வேண்டியதில்லை. இந்த நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி முறையிட அதன் 13 ஆம் பிரிவு இடம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பிந்திப் போகவும் கூடாது. அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். முதலில் கடைக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். பல வேளைகளில் அந்தக் கடிதமே காரியத்தை முடித்துவிடும். மெஷினைத் திருத்தக் கொடுக்கும்போதும், கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்.

மெஷின் கடையில் இருக்கும் நாட்களில், வேலை தந்தவர்களுக்கும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பெருநாளுக்கு முந்திய இரவில் “முடியவில்லை” என்று சொல்வதைவிட, இன்றே சொன்னால் அவர்கள் வேறு கை தேடிக்கொள்வார்கள். அடுத்த பெருநாளுக்கும் உங்களிடமே வருவார்கள்.

நம் கைகளின் உழைப்பை ஹலாலாக்கி, நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்து, நமது உரிமையைக் கேட்கும் துணிவையும் பிறர் உரிமையைப் பேணும் அச்சத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.