சேற்று டயர் யாருக்கு வேண்டும்?

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நம் ஹாஸ்டல் வராந்தாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கும் மாநாடுகளில் பாதி நேரம் சினிமா, கால்வாசி கிரிக்கெட், மீதி நேரம் ஜீப். "மாப்ளே, வேலைக்குப் போனதும் மொதல்ல ஒரு பழைய தார் ஜீப் எடுக்கிறோம். ரெண்டு இஞ்ச் லிஃப்ட் பண்றோம். முப்பத்து மூணு இஞ்ச் எம்.டி. டயர் போடுறோம். அப்புறம் பாரு!" என்று ஒருவன் ஆரம்பிப்பான். இன்னொருவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவான். அவ்வளவுதான், பன்னிரண்டு மணி வரை தூக்கம் போச்சு.

ஆசைப்படுவதில் தப்பில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆட்டோமொபைல் படிக்கிற நாமும் பார்வைக்காக மட்டும் டயர் வாங்குகிறவர்கள் மாதிரியே பேசலாமா? ஜீப்பைத் தூக்கிச் சேற்று டயர் போடும் நம்மில் பெரும்பாலோருக்கு அந்த டயர் தேவையில்லை, தார்ச்சாலையில் அது ஆபத்தும்கூட என்பது என் கருத்து. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

எம்.டி. என்றால் மட் டெரெய்ன், அதாவது சேற்று நிலம். கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் செருப்போடு காட்டுக்குள் நடந்தால் என்ன ஆகும்? பத்து அடி போவதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும்! ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும், பிடிமானம் சுத்தமாகப் போய்விடும். சாதாரண டயருக்கும் இதே கதிதான். பட்டன்களுக்கு நடுவிலுள்ள சந்து மண்ணால் அடைந்து டயர் மொட்டையாகிவிடும். சேற்று டயரில் பட்டன்கள் பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது அடைந்த மண் பிய்த்துக்கொண்டு வெளியே தெறிக்கும். அடுத்த சுற்றில் பட்டன் மறுபடியும் புதிதாக மண்ணைக் கடிக்கும். இதுதான் அதன் சூட்சுமம்.

இதைவிட நல்ல உதாரணம் நம் ஊர் வயலிலேயே இருக்கிறது. தொழி உழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள் அல்லவா? இரும்புக் கூண்டு மாதிரி இருக்கும் சக்கரம். சேற்றில் அதை அடிக்க ஆளே கிடையாது. ஆனால் எந்த விவசாயியாவது கேஜ் வீலோடு டவுனுக்கு உரம் வாங்கப் போகிறாரா? கழற்றி வரப்போரம் போட்டுவிட்டுத்தான் ரோட்டுக்கு ஏறுகிறார். சேற்று டயர் அந்தக் கேஜ் வீலுக்குத் தம்பி முறை. அண்ணனை வயலில் விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் மேம்பாலத்தில் ஓட்டுவது என்ன நியாயம்?

தார்ச்சாலையில் டயர் பிடிப்பதற்கு ரப்பர் ரோட்டைத் தொட வேண்டும். இடைவெளி அகலமானால் தொடும் ரப்பர் குறையும். நல்ல ரோட்டு டயரின் பட்டனை உற்றுப் பாருங்கள். பிளேடால் கீறியதுபோல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். ஈரத்தில் ரோட்டின் மேலுள்ள மெல்லிய தண்ணீர்ப் படலத்தை உடைத்துப் பிடிமானம் தருவது அவைதான். சேற்று டயரில் பொதுவாக இவை மிகக் குறைவு. உயரமான பட்டன் பிரேக் அடிக்கும்போது நெளியும். ஆகவே மழை நாளில் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். குறுக்கே ஒரு சைக்கிள்காரர் வந்தால் அந்த அதிக தூரம் யாருடைய கணக்கில் சேரும்? டயரின் ரீங்காரத்தையும் டீசல் செலவையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. காசும் காதும் அவரவருடையது.

இனி, முப்பத்து மூன்று இஞ்ச் கணக்கு. 2020-ல் வந்த தார் வண்டியின் ஒரு மாடலில் கம்பெனி அளவு 245/75 ஆர் 16. அகலம் 245 மி.மீ., பக்கச் சுவர் அதில் 75 சதவீதம், ரிம் 16 இஞ்ச். கூட்டிப் பார்த்தால் விட்டம் 774 மி.மீ. ஆசைப்படும் டயர் 285/75 ஆர் 16 என்று வையுங்கள். விட்டம் 834 மி.மீ. வித்தியாசம் 60. ஆக்ஸில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் 30 மி.மீ.! கட்டை விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 108-ல் ஓடும். டயர் ஆரம் கூடியதால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 7 சதவீதம் குறையும். இன்ஜின் மூச்சு வாங்கும். கிரவுன் அண்டு பினியனை மாற்றினால் அது சரியாகும், மாற்றுகிறவர் எத்தனை பேர்? பிரேக்குக்கும் அதே 7 சதவீத இழப்பு உண்டு. கிரவுன் பினியனை மாற்றினாலும் இது திரும்பி வராது. ஏற்கெனவே ஈரத்தில் நிற்கத் தயங்கும் டயர், இப்போது பிரேக்கும் தளர்ச்சி!

லிஃப்டைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உலவுகிறது. ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு இஞ்ச் தூக்கினால் சேஸிஸும் பாடியும்தான் உயரும். பின்னால் உள்ள ஒற்றை ஆக்ஸிலும் அதன் வயிற்றில் தொங்கும் டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அதுதான். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், மேட்டில் ஏறும்போது முன் பம்பர் தட்டாது, அந்த நன்மைகளை மறுக்கவில்லை. ஆனால் புவியீர்ப்பு மையமும் சேர்ந்து உயர்கிறதே! நாம் முதலாண்டில் படித்த மெக்கானிக்ஸ்தான் இது. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை மையத்தின் உயரத்தால் வகுங்கள். உதாரணத்துக்கு அகலம் 1500, உயரம் 700 மி.மீ. என்றால் விடை 1.07. லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 70 மி.மீ. உயர்த்தினால் 0.97. இந்த எண் குறையக் குறைய வண்டி சறுக்குவதற்குப் பதில் கவிழப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் இந்தக் கணக்கு பேப்பரில் நிற்காது.

"அப்போ மலையில ஓட்டுறவங்க எல்லாம்?" என்று கேட்பீர்கள். கொழுக்குமலைக்குப் போயிருக்கிறீர்களா? மலை நம் தேனி மாவட்டத்தில். ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கல்லைக் கொட்டி வைத்த ஓடை மாதிரிதான் இருக்கும். நாங்கள் போன பழைய மஹிந்திரா ஜீப்பில் இருந்ததோ ஒல்லியான டயர். "அண்ணே, இதுல அகலமான எம்.டி. டயர் போட்டா இன்னும் நல்லா இருக்குமே?" என்று கேட்டேன். டிரைவர் அண்ணன் சிரித்தார். "தம்பி, இங்க சேறு எங்க இருக்கு? கல்லுதானே. பக்கம் கிழியாத டயரா இருக்கணும், காத்து சரியா இருக்கணும், கால் பதறக் கூடாது. அம்புட்டுத்தான்."

அவர் சொன்னதுதான் பாயிண்ட். மண்ணைப் பார்த்துத்தான் டயர். மேலே வழுக்கலும் கீழே கெட்டித் தரையும் உள்ள செம்மண் பாதையில் ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியைத் தொடும். அடியே இல்லாத சேற்றில் அகல டயர் மிதக்கும். குதிரைமொழித் தேரி மாதிரி மணல் காட்டிலோ சேற்று டயரைச் சுழலவிட்டால் அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அங்கே பட்டனைவிடக் காற்றுதான் பெரிது. 18, 20 பவுண்டுக்கு இறக்கினால் டயர் நீளமாகப் பரவி மணலில் ஏறி நிற்கும். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும். கையில் ஒரு கேஜும் சின்ன கம்ப்ரஸரும் இருப்பது புது டயர் செட்டைவிட மலிவு!

இதையெல்லாம் மலரில் எழுதக் காரணம் உண்டு. இன்பிளான்ட் டிரெய்னிங்கில் ஒரு டயர் கடையில் இரண்டு வாரம் இருந்தேன். கடை பெயர் வேண்டாம். ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜீப்பில் வந்து இறங்கி, படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றார். வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ், வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டி என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். சாயங்காலத்துக்குள் லிஃப்டும் டயரும் ஏறிவிட்டன. பின் சீட்டில் ஏற அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. நாளைக்கு அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போவது யார்? டிப்ளமோ வாங்கிய நாம்தானே!

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆகவே கம்பெனி தன் மாடல்களுக்குத் தரும் அளவுக்குள் நின்று, சேறும் ரோடும் கலந்து ஓடுகிறவருக்கு ஏ.டி. எனும் ஆல் டெரெய்ன் டயரைச் சொல்லுங்கள். லோடு இண்டெக்ஸ் கம்பெனி எண்ணுக்குக் குறையக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

நிஜமாகவே சேற்றில் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட்காரர், மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் தினமும் போய் வருகிறவர். அவர்களுக்குத் தாராளமாகச் சேற்று டயர் போடுங்கள், முடிந்தால் ரோட்டுக்குத் தனியாக இன்னொரு செட் ரிம்மும் டயரும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் அதே அளவில் மாற்றச் சொல்லுங்கள், பலர் நாலு டயரோடு நிறுத்திவிடுகிறார்கள். காட்டுக்குள் பஞ்சராகி விட்டம் குறைந்த ஸ்டெப்னியை மாட்டி, ஃபோர் வீலில் போட்டுக் கெட்டித் தரையில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.