ப்ரீஆம்ப்பில் பெருக்கம் எவ்வளவு, எங்கே?

பல ஒலிமூலங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் மட்டத்தைக் கேட்பவருக்கு வேண்டிய அளவில் நிறுத்தி, கேபிளையும் பவர் ஆம்ப்பையும் சிரமமின்றி இயக்குவதே வீட்டு ஹை-ஃபை ப்ரீஆம்ப்பின் வேலை. இவற்றில் பெருக்கம் எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் வடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே முடிவு செய்கிறார்கள். ட்யூனரும் டேப்பும் சில நூறு மில்லிவோல்ட் தந்த காலத்தில் லைன் நிலைக்கு 20 டெசிபெல் பெருக்கம் நியாயமாக இருந்தது. 1982-இல் சந்தைக்கு வந்த சி.டி. பிளேயர் 2 வோல்ட்டை வழக்கமாக்கியது, இன்றைய டி.ஏ.சி.க்களும் அதே அளவைத் தருகின்றன. முழுத் திறனுக்கு 1 வோல்ட் கேட்கும் பவர் ஆம்ப்பின் முன் இது தேவைக்கு மேல் 6 டெசிபெல். பெருக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

இருந்தும் 20 டெசிபெல்லை வைத்தால் அதன் விலையை வால்யூம் கண்ட்ரோல் கொடுக்கிறது. முழுத் திறனை எட்டவே அது 26 டெசிபெல் குறைத்தாக வேண்டும். வீட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவு அதற்கும் 20 டெசிபெல் கீழே என்று கொண்டால், அந்த கண்ட்ரோலின் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) நிற்க வேண்டிய இடம் −46 டெசிபெல். லாக் பாட் சுழற்சியின் நடுவில் சுமார் −16 முதல் −20 டெசிபெல் வரை தரும். ஆகவே குமிழ் எப்போதும் அடிவாரத்திலேயே கிடக்கும். மலிவான இரட்டை பாட்டில் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று விட்டு விலகுவதும் அங்கேதான். 2, 3 டெசிபெல் வேறுபாடு அரிதல்ல. பாடகர் நடுவை விட்டு ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். போதாததற்கு, வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின் வரும் பெருக்கியின் இரைச்சல் குமிழ் எங்கே இருந்தாலும் குறையாது. விவரக்குறிப்பில் சேனல் சமநிலையை முழு வால்யூமில் அளந்து எழுதுவது வழக்கம். −50 டெசிபெல்லில் என்ன என்று சொல்லும் தாள் கிடைத்தால் பத்திரப்படுத்தலாம்.

பெருக்கியையே எடுத்துவிட்டு வெறும் பாட் மட்டும் வைக்கும் பெட்டிகளும் உண்டு. 50 கிலோஓம் பாட் −6 டெசிபெல்லில் நிற்கும்போது அதன் வெளியீட்டுத் தடை 12.5 கிலோஓம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கொண்ட 10 மீட்டர் கேபிளோடு சேர்ந்தால் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரிவு. கேபிள் அரை மீட்டர் என்றால் குறை சொல்ல ஏதுமில்லை. மற்றபடி 10 கிலோஓம் பாட், அதற்குப் பின் ஒன்று முதல் இரண்டு மடங்கு பெருக்கத்தோடு ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் என்பதே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

இதைவிட நேர்த்தியான தீர்வைப் பீட்டர் பேக்ஸண்டால் 1980-இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் தந்தார். லீனியர் பாட்டின் ஒரு முனை உள்ளீட்டில், மறுமுனை தலைகீழ்ப் பெருக்கியின் வெளியீட்டில். நடுமுனை ஒரு பஃபர் வழியே அந்தப் பெருக்கிக்குள் செல்கிறது. பெருக்கம் பாட்டின் இரு பகுதிகளின் விகிதத்தையும் பெருக்கியின் நிலையான மடங்கையும் மட்டுமே சார்ந்திருப்பதால், 20 சதவீதம் வரை பிசகும் தடத்தின் மொத்தத் தடை கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. லாக் தடம் தேவையில்லை என்பதால் சேனல்கள் நெருங்கி ஓடும். வால்யூமைக் குறைக்கும்போது இரைச்சலும் கூடவே குறையும். கட்டம் தலைகீழாவது மட்டும் பாக்கி. இன்னொரு நிலை அதைச் சரிசெய்யும்.

பி.ஜி.ஏ. 2311 போன்ற வால்யூம் கண்ட்ரோல் ஐ.சி.க்கள் அரை டெசிபெல் படிகளில் +31.5 முதல் −95.5 வரை செல்கின்றன. சேனல் சமநிலை கவலையே இல்லை. ஆனால் ±5 வோல்ட்டில் இயங்குவதால், 2 வோல்ட் மூலத்துக்கு மேல் மிஞ்சும் இடம் 3 டெசிபெல்லுக்கும் குறைவு. உள்ளே வருமுன் பாதியாக்கிவிடுவது நல்லது.

உண்மையில் பெருக்கம் வேண்டிய இடம் ஃபோனோ நிலை. எம்.எம். கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட், எம்.சி. அதில் பத்தில் ஒன்றோ அதற்கும் கீழோ. 1954-இன் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கு 3180, 318, 75 மைக்ரோவினாடி என்ற மூன்று நேர மாறிலிகள். 1 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபெல் வைத்தால் 20 ஹெர்ட்ஸில் 59, 20 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபெல். மின்தடை, மின்தேக்கி மதிப்புகளை ஊகித்துத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-இல் வெளியிட்ட சூத்திரங்கள் நேராக விடை தருகின்றன. ±15 வோல்ட் சப்ளையில் சுமார் 10 வோல்ட் வெளியீடு கிடைக்கும் என்றால், 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் 26 டெசிபெல் தாங்கும் இடம் உண்டு. கீறல் சத்தத்துக்கு அது உதவும்.

இரைச்சலில் இரண்டு கார்ட்ரிட்ஜுகளும் எதிரெதிர். எம்.எம்.மின் தூண்டல் அரை ஹென்றி என்றால் 10 கிலோஹெர்ட்ஸில் அது 31 கிலோஓம். என்.இ. 5534 ஏ-யின் மின்னோட்ட இரைச்சல், ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.4 பிகோஆம்பியர், அங்கே 12 நானோவோல்ட்டாக மாறி, 3.5 நானோவோல்ட் மட்டுமேயான மின்னழுத்த இரைச்சலை மறைத்துவிடும். ஆகவே எம்.எம்.முக்கு மின்னோட்ட இரைச்சல் குறைந்த உள்ளீடு. சில ஓம் தடையே உள்ள எம்.சி.க்கு மின்னழுத்த இரைச்சல் குறைந்தது, பல டிரான்சிஸ்டர்களை இணையாக வைத்தாலும் சரி. இரண்டுக்கும் ஒரே சுற்று போதும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

டோன் கண்ட்ரோலுக்கு 1952-இன் பேக்ஸண்டால் சுற்றே இன்றும் போதும். அதை விலக்கிச் செல்ல ஒரு சுவிட்ச் வைத்தால் விவாதமும் முடியும்.

உள்ளீட்டுத் தேர்வில் கவனிக்க வேண்டியது கசிவு. ஒரே ஒரு பிகோஃபாரட் கூட 10 கிலோஹெர்ட்ஸில் 16 மெகாஓம். 10 கிலோஓம் தடையுள்ள கம்பி அருகே ஓடினால் −64 டெசிபெல் கசியும், 50 ஓம் கம்பியானால் −110. பின்பலகையிலேயே ரிலே வைத்துத் தேர்ந்தெடுப்பது முன்பலகை சுவிட்சுக்கு நீண்ட வயர் இழுப்பதைவிட மேல். வெளியீட்டில் 47 முதல் 100 ஓம் வரை தொடர்தடை வைத்தால் கேபிளின் கொள்ளளவால் ஆப்-ஆம்ப் அலைவுறாது. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ரெக்டிஃபையரின் 100 ஹெர்ட்ஸ் மின்னோட்டத் துடிப்புகள் ஆடியோ எர்த்தில் பாயாதபடி, ஃபில்டர் மின்தேக்கிகளின் சந்திப்பிலிருந்து தனிக் கம்பி எடுக்க வேண்டும். கடைசியாக ம்யூட் ரிலே: சப்ளை நிலைபெற்ற சில வினாடிகளுக்குப் பின் இணைய வேண்டும், அணைக்கும்போது ரிசர்வாயர் மின்தேக்கி வடியும்வரை காத்திராமல் மெயின்ஸ் போன உடனே துண்டிக்க வேண்டும்.